குட்டியோடு கூடவே வரும் புழு

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. விரித்துப் போட்ட செய்தித்தாளின் மேல் வெள்ளையாக ஏதோ சுருண்டு கிடந்தது. கீழே ஒரு வரி: “அக்கா, குட்டி மீகூன் மாதிரி வாந்தி எடுத்திருக்கு. ஆனா நாங்க மீகூனே கொடுக்கல.”

அனுப்பியவர் தாமான் டேசா தெப்ராவில் குடியிருக்கும் ஒரு தங்கை. அவருக்கும் கணவருக்கும் சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு கிளம்பிப் பாலத்தைத் தாண்டினால், வீடு திரும்ப இரவாகிவிடும். பகலில் வீட்டில் இருப்பது மாமியாரும் இரண்டரை வயது மகளும்தான். ஆறு வாரக் குட்டி ஒன்று அந்த வீட்டுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

வாந்தியில் வந்தது உருண்டைப்புழு. அதைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. “எப்படிக்கா? குளுவாங்கில என் சித்தி வீட்டு நாயோட குட்டி இது. அம்மா நாய் வீட்டுக்குள்ளேயே வளருது. தெருப் பக்கமே போகாது.” அன்று இரவு நேரில் போனபோது மாமியார் வேறொன்று சொன்னார். “சின்னப் பிள்ளை தரையில விளையாடுற வீடும்மா இது. இந்த நாய் நமக்கு வேணாம். எங்கயாவது கொண்டுபோய் விட்டுடச் சொல்லு.”

கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கும் எனக்கு இந்த இரண்டு பேச்சும் பழகியவை. முதலாவதில் வெட்கம் இருக்கிறது. நம் வீட்டுக் குட்டிக்குப் புழுவா என்ற வெட்கம். இரண்டாவதில் பயம் இருக்கிறது. பேரப்பிள்ளையை நினைத்து வரும் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘எங்கயாவது’ என்பது பெரும்பாலும் சந்தைக்குப் பின்புறமோ செம்பனைத் தோட்டத்து ஓரமோதான். ஆறு வாரக் குட்டி அங்கே பிழைக்காது. அதனால் இந்த வாரம் குட்டி நாய்களின் குடற்புழுவைப் பற்றி விரிவாகப் பேசிவிடலாம்.

தாயிடமிருந்து வரும் சொத்து

குட்டிகளிடம் அதிகம் காணப்படும் உருண்டைப்புழுவின் அறிவியல் பெயர் டாக்சோகாரா கேனிஸ். இது எப்படி வந்தது என்று கேட்டால், பதில் அந்தக் குட்டி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

தாய் நாய் எப்போதோ, ஒருவேளை அதுவே குட்டியாக இருந்த காலத்தில், மண்ணிலிருந்து புழு முட்டைகளை விழுங்கியிருக்கும். அந்த முட்டைகளிலிருந்து வரும் இளம்புழுக்கள் எல்லாமே குடலில் தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி தசை, ஈரல் போன்ற இடங்களுக்குப் போய் அசையாமல் உறங்கிக் கிடக்கும். தாயின் மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நாம் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். தசைக்குள் உறங்குவதைத் தொடாது.

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். ஆறு வாரம் கடந்ததும் அந்த இளம்புழுக்கள் விழித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடம்புக்குள் புகுந்துவிடும். குட்டி பிறந்தபின் அவை ஈரலிலிருந்து நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறும், விழுங்கப்பட்டு மறுபடி வயிற்றுக்கு இறங்கும். தாய்ப்பால் வழியாகவும் கொஞ்சம் வந்து சேரும். குட்டிக்கு மூன்று வாரம் ஆகும்போது அதன் குடலில் முட்டையிடும் புழு இருக்கலாம். கண் திறந்தே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்! ஒரு பெண் புழு ஒரு நாளில் ஒரு லட்சம் முட்டை வரை இடக்கூடியது.

ஆகவே குளுவாங்கில் இருக்கும் சித்தி மேல் எந்தக் குற்றமும் இல்லை. விலை உயர்ந்த ஜாதி நாய் வாங்கியவர்களும் இதே படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். குட்டி நாய் வீட்டுக்கு வந்தால் புழுவும் கூட வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். உலகம் முழுவதும் கால்நடை மருத்துவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பு தெரிய மெலிந்திருக்கும், வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்கும். முடியில் பளபளப்பு இருக்காது. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாது. சில குட்டிகள் இருமும். புழு நுரையீரலைக் கடக்கும் காலத்து இருமல் அது. ஆனால் கொழுகொழுவென்று ஓடியாடும் குட்டிக்குள்ளும் புழு இருக்கலாம். தோற்றத்தை வைத்து ‘இதற்கு இல்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

ரத்தம் குடிக்கும் கொக்கி

உருண்டைப்புழு பார்க்க அருவருப்பாக இருந்தாலும், நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்கே எளிதில் தெரியாத இன்னொன்றுக்கு. அது கொக்கிப்புழு. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம்தான், நூல் போல மெலிந்திருக்கும். குடலின் உட்சுவரைப் பல்லால் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும்.

சென்ற ஆண்டு ஜொகூர் ஜெயாவில் ஒரு வாகனப் பட்டறைக்குப் பின்புறம் நான்கு குட்டிகளைக் கண்டெடுத்து ஓர் இளைஞர் எங்களிடம் கொண்டுவந்தார். மூன்று வார வயதிருக்கும். ஒன்று மட்டும் அழவே இல்லை. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தது. மருந்து கொடுத்தோம், சூடு வைத்தோம், சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினோம். மறுநாள் மதியம் அது போய்விட்டது. மற்ற மூன்றும் பிழைத்தன.

ஏன் இவ்வளவு வேகம் என்று அந்த இளைஞர் கேட்டார். கணக்கு எளிது. நாயின் கொக்கிப்புழு ஒன்று, ஒரு நாளில் 0.1 மில்லிலிட்டர் வரை ரத்தத்தைக் குடிக்கவோ வீணாக்கவோ செய்யும். நூறு புழு என்றால் 10 மில்லிலிட்டர். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80 அல்லது 90 மில்லிலிட்டர்தான். அந்தக் குட்டிகள் ஒரு கிலோகூட இல்லை.

நாயின் கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வருகிறது. ஈரமண்ணில் நடக்கும்போது பாதத்தின் தோலைத் துளைத்தும் வரும். மிக இளம் குட்டிகளில், புழு முட்டையிடத் தொடங்கும் முன்பே ரத்தம் தீர்ந்துவிடலாம். அந்த நேரத்தில் மலத்தைச் சோதித்தால் முட்டை தெரியாது. அதனால்தான் மருத்துவர் சோதனை முடிவைவிட ஈறின் நிறத்தை முதலில் பார்க்கிறார். நீங்களும் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த புழு

கொக்கிப்புழு நம்மவர்களுக்குப் புதிதல்ல. இன்று வரிசை வீடுகளும் பேரங்காடிகளுமாக இருக்கும் தெப்ராவ் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் காடு. தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. விடியற்காலையில் வெறுங்காலோடு பால் வெட்டப் போனவர்களுக்கு, மர நிழலில் காயாத ஈரமண்தான் பாதை. லயங்களில் ஒழுங்கான கழிப்பிடம் இல்லாத காலம் அது. மனிதக் கொக்கிப்புழுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சோகை பிடித்து, மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்ன துரைமார்களும் உண்டு.

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை, டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களுக்கு அனுப்பியது. கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்வது அதன் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணிப் பார்த்தார்கள். அன்றைய மருந்து கீனோபோடியம் எண்ணெய். குமட்டும், அளவு மீறினால் ஆபத்து. குழுவின் அறிக்கை 1920இல் வெளிவந்தது.

அந்தக் காலத்துக் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சிகள் எல்லா நாட்டுக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்தன. மருந்து மட்டும் கொடுத்து, மண்ணில் மலம் விழுவதை நிறுத்தாத இடத்தில் புழு திரும்ப வந்தது. கழிப்பிடமும் காலணியும் மருந்தும் சேர்ந்து வந்த இடத்தில்தான் அடங்கியது. குட்டி நாய்க்கும் இதில் ஓர் எழுத்து மாறாது. நாய்க்குக் கழிப்பிடம் கட்ட முடியாது என்பதால், அந்த வேலையை நம் கையும் ஒரு பிளாஸ்டிக் பையும் செய்ய வேண்டும்.

தோலைத் துளைத்துப் புழு வரும் என்பதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1890களில் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன. அதே லூஸ் 1911இல், இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு புனுகுப்பூனையின் குடலில் புதுவகைக் கொக்கிப்புழுவைக் கண்டு அதற்கு ‘சிலோன்’ பெயரையே வைத்தார். அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற அந்தப் புழு நம் நாட்டு நாய் பூனைகளிடம் உண்டு. 2012இல் மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மலேசியக் கிராமப்புறங்களில் கொக்கிப்புழு இருந்த மனிதர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இந்த வகை இருந்தது. நாயின் புழு நாயோடு போகும் என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பேத்தியை நினைத்துப் பயப்படும் பாட்டிக்கு

இனி அந்த மாமியாரின் கேள்விக்கு வருவோம். உருண்டைப்புழுவால் குழந்தைக்கு ஆபத்து உண்டா? உண்டு. 1950இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்ற அறிவியலாளர், புற்றுநோய் என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட 46 குழந்தைக் கண்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அவற்றில் 24இல் இருந்தது புற்றுநோய் அல்ல, புழு. சில ஆண்டுகளில் அவற்றுள் சில நாயின் டாக்சோகாரா என்று உறுதியானது. மனித உடம்பில் அது முழுப் புழுவாக வளராது. இளம்புழுவாகவே அலைந்து ஈரல், நுரையீரல், அரிதாகக் கண் வரை போகும்.

ஆனால் அந்த முட்டை எப்போது ஆபத்தாகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும். நாய் மலத்தோடு வெளிவந்த அன்று உருண்டைப்புழு முட்டை யாரையும் தொற்றாது. மண்ணில் கிடந்து, உள்ளே இளம்புழு வளர, இரண்டு மூன்று வாரம் வேண்டும். கொக்கிப்புழுவுக்கு நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரம் போதும். அதாவது, இன்று விழுந்த மலத்தை இன்றே அள்ளிவிட்டால் இரண்டுமே நின்றுவிடும். அள்ளாமல் விட்டால் மலம் மழையில் கரைந்து மறைந்துவிடும், உருண்டைப்புழு முட்டை மட்டும் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடி விரலை வாயில் வைப்பதுதான் முதன்மையான வழி. உங்கள் வீட்டுக் குட்டியைவிட, தாமான் விளையாட்டு மைதானத்து மணலைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் நாய்க்குட்டி இருக்கலாம். விளையாடி முடித்ததும், சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வெளி மண்ணில் செருப்பில்லாமல் விடக்கூடாது. குட்டி வாயை நக்கவும் விடாதீர்கள். பிள்ளையின் காலில் பாம்பு ஊர்ந்தது போல் அரிப்பான சிவந்த கோடு தெரிந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தாலோ, ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ, மாறுகண் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போனதும் ‘வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப தினமும் அள்ளுறது யாரு? இவங்க ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள போயிடுறாங்களே” என்றார். நியாயமான கேள்வி. காலையில் கிளம்பும் முன் கணவர், மாலையில் பாட்டி, இரவில் மனைவி என்று முடிவாயிற்று. குட்டி தங்கிவிட்டது.

காலண்டரைப் பார்த்துக் கொடுங்கள்

புழு வெளியே வந்தால் மருந்து கொடுக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். புழு கண்ணுக்குத் தெரியும்போது முட்டை மண்ணுக்குப் போய்ச் சில வாரம் ஆகியிருக்கும். ஆகவே தேதி வைத்துக் கொடுக்க வேண்டும். முதல் வேளை இரண்டாவது வாரத்தில். புழு முட்டையிடும் முன் பிடித்துவிடலாம். பிறகு நான்கு, ஆறு, எட்டாவது வாரங்களில். ஏன் இத்தனை முறை? ஒரு வேளை மருந்து அன்று குடலில் இருப்பதைக் கொல்லும். ஈரலிலும் நுரையீரலிலும் பயணத்தில் இருப்பது தப்பித்து, இரண்டு வாரத்தில் குடலுக்கு வந்து சேரும். அதைப் பிடிக்கத்தான் அடுத்த வேளை. குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாளில் பால் கொடுக்கும் தாய்க்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

குட்டி உங்களிடம் வரும்போதே ஆறு, ஏழு வாரம் ஆகியிருந்தால், முன்பு என்ன மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால் வந்த வாரமே தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ‘சின்னக் குட்டிதானே, பாதி மாத்திரை போதும்’ என்ற கணக்கு வேண்டாம். தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு நிறுக்க வாங்கிய தராசு வீட்டில் இருந்தால், ஒரு கிண்ணத்தில் துணி விரித்துக் குட்டியை அதில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டிகளுக்குப் பைரண்டெல், ஃபெபன்டெல், ஃபென்பென்டசோல் போன்றவை பழகிய, பாதுகாப்பான மருந்துகள். திரவமாகவே கிடைக்கும். ஒரு வேளை மருந்தின் விலை, இரண்டு பேர் மாமாக் கடையில் பசியாறும் செலவுக்குள் அடங்கிவிடும்.

மருந்து கொடுத்த ஓரிரு நாளில் மலத்தில் புழுக்கள் வரலாம். சில நெளியவும் செய்யும். மருந்து வேலை செய்கிறது என்று பொருள். செய்தித்தாளில் சுருட்டி, பையில் கட்டி, குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு வாங்கி வைத்திருக்கும் புழு மாத்திரையை உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான அல்பெண்டசோல், அளவு பிசகினால் நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். அடுத்தது பூண்டு. பாட்டி வைத்தியத்தில் பூண்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் பொருள்கள். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தத்தைக் குடித்துவிட்ட குட்டிக்குப் பூண்டு கொடுப்பது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி. வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, விளக்கெண்ணெய் எதையும் குட்டியிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஈறு வெளுத்திருந்தால், மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போனால், வயிறு கல் போல் இறுகி வாந்தி நிற்காமல் இருந்தால், குட்டி பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தால் அன்றே கிளினிக் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் திறந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். ரத்தக் கழிச்சலும் வாந்தியும் பார்வோ வைரஸாலும் வரும். தடுப்பூசி முடியாத குட்டியை அது இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். ‘புழுவாகத்தான் இருக்கும்’ என்று கடை மருந்து வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரின் சோதனையால்தான் முடியும்.

அள்ளுவதும் கழுவுவதும்

உருண்டைப்புழு முட்டையின் ஓடு கெட்டியானது. தரை கழுவும் மருந்தும் குளோராக்ஸும் அதைக் கொல்லாது. முதலில் மலத்தை முழுதாக அள்ள வேண்டும். பிறகு சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டும். குட்டியின் படுக்கைத் துணியைச் சூடான நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு வெயிலையும் வறட்சியையும் தாங்காது. ஆகவே குட்டிக்குச் சிமெண்டுத் தரையும் வெயில் படும் மூலையும் நல்லது. ஆண்டுக் கடைசியில் ஜொகூரில் மழை விடாமல் கொட்டும் வாரங்களில் வீட்டுப் புறத்து ஈரமூலைகளைக் கவனியுங்கள்.

நடைக்குக் கூட்டிப்போகும்போது பையில்லாமல் போகாதீர்கள். நம் தாமான்களில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம். நாயைத் தொடுவதையே தவிர்க்கும் அண்டைவீட்டார் நம் நாயைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வாசலில் நம் நாய் போட்டதை அள்ளுவது புழுத் தடுப்பு மட்டுமில்லை, மரியாதையும்கூட.

வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்

• 2, 4, 6, 8ஆம் வாரம்: எடை பார்த்துப் புழு மருந்து. பால் கொடுக்கும் தாய்க்கும் சேர்த்து.
• அதன்பின் ஆறு மாதம் வரை: மாதம் ஒரு முறை.
• ஆறு மாதத்துக்குப் பின்: குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை.
• தினமும்: மலம் அள்ளுதல்.
• வாரம் ஒரு முறை: எடை, ஈறின் நிறம்.
• தடுப்பூசிக்குப் போகும்போது: இதயப்புழுத் தடுப்பு பற்றியும் கேட்க வேண்டும். அது கொசுவால் வருவது, குடற்புழு மருந்தில் அடங்காது.

வாசகர் கேள்வி

உலு திராமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்கள் மூன்று மாதக் குட்டிக்கு இரண்டு முறை புழு மருந்து கொடுத்துவிட்டோம். இன்னும் வாலுக்கடியில் காய்ந்த அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது. மருந்து போலியா?”

போலி என்று சொல்ல முடியாது, அம்மா. நீங்கள் சொல்வது நாடாப்புழுவின் துண்டு. பைரண்டெல் மட்டும் உள்ள மருந்து நாடாப்புழுவைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் சேர்ந்த மருந்து வேண்டும். அதோடு இந்தப் புழு மண்ணிலிருந்து வருவதில்லை, தெள்ளுப்பூச்சியிலிருந்து வருகிறது. குட்டி உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும். அதற்குள்தான் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கிறது. ஆகவே தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போடாமல் நாடாப்புழுவுக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே அரிசி திரும்ப வந்துவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். குட்டியின் அன்றைய காலை மலத்தைச் சிறு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனால், வேறு புழு இருக்கிறதா என்பதையும் ஒரே நடையில் பார்த்துக்கொள்ளலாம்.